காலந்தவறாச் சில்லு

நுழையும்முன்
இருளில் விரையும் ஊர்தியின் எண்ணை ஒரு கருவி படித்துச் சொல்கிறது. அதை நம்பித் தண்டமும் விதிக்கப்படுகிறது. அக்கருவியும் விளக்கும் ஒரே கணத்தில் இயங்கினால்தான் படம் தெளிவாகும். அவ்விரண்டையும் இணைக்கும் நுண்கட்டுப்படுத்தியைத் தேர்ந்தெடுக்கும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

சென்னையிலிருந்து தெற்கே செல்லும் நெடுஞ்சாலை திண்டிவனத்தைக் கடந்து, விக்கிரவாண்டி வழியாக விழுப்புரத்தை அடைகிறது. இரவும் பகலும் அதில் ஊர்திகள் ஓய்வதில்லை. இத்தகைய சாலைகளை மின்னணுக் கருவிகளால் கண்காணிக்க, 2019ஆம் ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் வழிசெய்தது. அதற்கான விதிகள் 2021இல் வெளியாயின. விதிமீறல் நிகழ்ந்த 15 நாள்களுக்குள் உரியவருக்கு அறிவிப்பு அனுப்பவேண்டும் என அவை அப்போது கூறின. எண் பலகையில் உள்ள 3 என்னும் எண் 8 எனப் பதிவானால், வீட்டில் உறங்கிய ஒருவருக்கு அறிவிப்புச் செல்லும், விதிமீறியவர் தப்புவார். எனவே, படத்தின் தெளிவு நீதியோடும் தொடர்புடையது.

நொடியைப் பகுத்தல்
மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் மகிழுந்து, ஒரு நொடியில் ஏறத்தாழ 27.8 மீட்டர் நகர்கிறது. பக்கவாட்டிலிருந்து நோக்கும் ஒளிப்படக்கருவியின் கண் நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தாலும், அதற்குள் ஊர்தி 2.8 சென்டிமீட்டர் கடந்துவிடும். மகிழுந்தின் பலகையில் எழுத்துக் கோட்டின் தடிமனோ 10 மில்லிமீட்டர்தான். ஆகவே எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கலங்கும். நேரத்தைப் பத்தாயிரத்தில் ஒரு பங்காக, அதாவது 100 மைக்ரோநொடியாகக் குறைத்தால் நகர்வு 2.8 மில்லிமீட்டராகச் சுருங்கும்.

ஆனால், அவ்வளவு குறுகிய நேரத்தில் கருவிக்குள் புகும் ஒளியும் குறைவு. வலிய விளக்கை இடைவிடாது எரித்தால் மின்சாரம் வீணாகும், வெப்பம் மிகும், ஓட்டுநரின் கண் கூசும். எனவே, கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு எல்.இ.டி. விளக்குகள் அந்த 100 மைக்ரோநொடிக்கு மட்டும் ஒளிர்கின்றன. ஒளியை வந்த திசையிலேயே திருப்பி அனுப்பும் எண் பலகை இதற்குத் துணைநிற்கிறது. விளக்கு 100 மைக்ரோநொடி பிந்தினாலும் படத்தில் இருளே எஞ்சும்.

தாமதமும் தடுமாற்றமும்
திண்டிவனத்திலிருந்து வரும் தொடர்வண்டி நாள்தோறும் பத்து நிமிடம் பிந்தியே விழுப்புரம் சந்திப்பை அடைகிறது எனக் கொள்வோம். புதுச்சேரி வண்டியைப் பத்து நிமிடம் கழித்து எடுத்தால் சிக்கல் தீர்ந்துவிடும். ஒருநாள் இரண்டு நிமிடம், மறுநாள் இருபது நிமிடம் என வந்தால் எந்த அட்டவணையும் உதவாது. மின்னணுக் கருவிகளுக்கும் இது பொருந்தும். மாறாத தாமதத்தை முன்கூட்டியே கணக்கிட்டு ஈடுசெய்யலாம்; மாறிக்கொண்டே இருக்கும் தடுமாற்றத்தை ஈடுசெய்ய இயலாது.

எதனைத் தேர்வது?
ராஸ்பெரி பை 4 என்னும் சிறுகணினி வெளியானபோது 1.5 கிகாஹெர்ட்ஸ் வேகமுடையதாக இருந்தது. ஆர்டுயினோ ஊனோ R3 பலகையில் உள்ள நுண்கட்டுப்படுத்தியின் வேகம் 16 மெகாஹெர்ட்ஸ் மட்டுமே. ஆயினும் இப்பணிக்குப் பின்னதே ஏற்றது. சிறுகணினியின் இயக்க மென்பொருள் பல பணிகளை மாறிமாறிக் கவனிப்பதால், விளக்கை ஏற்றும் முறை சிலவேளை பிந்தக்கூடும். நுண்கட்டுப்படுத்தியிலோ காலங்காட்டிச் சுற்று தனியே உள்ளது. அது நொடியின் 1.6 கோடியில் ஒரு பங்கு வரை எண்ணி, உரிய கணத்தில் தானே சைகை தருகிறது. காலத்தைக் காக்கும் பணியை நுண்கட்டுப்படுத்தியிடமும், எண்ணைப் படிக்கும் பணியைக் கணினியிடமும் ஒப்படைப்பதே தக்க பங்கீடு.

வேறு சிலவும் கருதத்தக்கவை. கருவிகளும் விளக்குகளும் பெருகினால், அவற்றுக்கேற்பக் காலங்காட்டி வெளியீடுகள் மிகுதியாக உள்ள சில்லு தேவைப்படும். சில்லின் முனை ஏறத்தாழ 20 மில்லியாம்பியர் மின்னோட்டமே தரும். ஆம்பியர் கணக்கில் மின்னோட்டம் வேண்டும் விளக்கை டிரான்சிஸ்டர் வழியாகவே இயக்கவேண்டும். ஒளிப்படக்கருவியும் படம் முழுவதையும் ஒரே கணத்தில் பதிவதாக இருத்தல் வேண்டும். வரிவரியாகப் பதியும் கருவியில், குறுகிய ஒளி படத்தின் ஒரு பகுதியில் மட்டுமே விழும்.

தேர்வு சரியா என்பதை அலைவுகாட்டி உணர்த்தும். இரு சைகைகளையும் ஆயிரம் முறை அளந்து, சராசரி இடைவெளியை விடுத்து, மிகப் பெரிய இடைவெளியையே நோக்கவேண்டும். தவறான அறிவிப்பைப் பெறுபவருக்கு, மற்ற படங்கள் தெளிவாக இருந்தன என்பது ஆறுதலாகாது.