பிறந்த நாள் பூட்டாகாது

உங்கள் மைகிட் அட்டையில் உள்ள 12 எண்களைப் பாருங்கள். முதல் 6 எண்கள் நீங்கள் பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த 2 எண்கள் பிறந்த மாநிலம். ஈப்போவில் பிறந்தாலும் சுங்கை சிப்புட்டில் பிறந்தாலும் பேராக்கிற்கு 08தான். கடைசி எண் ஒற்றைப்படை என்றால் ஆண் பிள்ளை, இரட்டைப்படை என்றால் பெண் பிள்ளை. நீங்கள் பேராக்கில் பிறந்தவர் என்று தெரிந்த ஒருவர், வயதோடு போட்ட உங்கள் பிறந்தநாள் படத்தையும் பார்த்தால் போதும், 8 எண்கள் அவர் கைக்கு வந்துவிடும்.

இந்தப் பிறந்த தேதியைத்தான் பெரியவர்கள் பலர் வங்கி அட்டைக்கும் ரகசிய எண்ணாக வைக்கிறார்கள். 6 எண்களைக் கொண்டு 10 லட்சம் ரகசிய எண்கள் அமைக்கலாம். 100 ஆண்டுகளில் வரும் தேதிகளோ ஏறக்குறைய 36,500தான்!

பணம் எடுக்கும் இயந்திரத்தில் சில தடவை தவறாக அழுத்தினால் அட்டை முடங்கிவிடும். அதனால் அங்கே 6 எண்களே போதும். இணையக் கணக்குக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. நல்ல நிறுவனங்கள் கடவுச்சொல்லை அப்படியே சேமிப்பதில்லை. ஒரு கணக்கு முறையால் உருமாற்றி வைக்கின்றன. அந்தக் கோப்பு களவு போனால், திருடன் தன் கணினியிலேயே ஒவ்வோர் ஊகத்தையும் உருமாற்றிப் பொருத்திப் பார்க்கலாம். தடுக்க அங்கே யாரும் இல்லை.

அவன் கணினி நொடிக்கு 100 கோடி தடவை முயல்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆங்கிலச் சின்ன எழுத்துகள் 8 மட்டும் என்றால், எல்லாவற்றையும் மூன்றரை நிமிடத்தில் முயன்று முடித்துவிடும். அதே 8 இடங்களில் பெரிய எழுத்து, எண், குறியீடு எல்லாம் கலந்தால் சுமார் 77 நாள். வெறும் சின்ன எழுத்துகளே 12 இருந்தால் 3 ஆண்டு! நீளம்தான் பலம்.

ஆனாலும் உலகம் நெடுங்காலம் குறியீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது. 2003இல் அமெரிக்கத் தர நிறுவனத்துக்காக பில் பர் எழுதிய வழிகாட்டி அதற்குப் பெரிய காரணம். குறியீடு சேர், அடிக்கடி மாற்று என்ற விதிகள் பரவின. மக்கள் என்ன செய்தார்கள்? ஈப்போ@2024 என்று வைத்தார்கள். மாற்றச் சொன்னதும் ஈப்போ@2025 ஆக்கினார்கள். திருடனின் நிரல் இதைத்தான் முதலில் முயலும். அந்த விதிகளுக்காக 2017இல் பர் வெளிப்படையாக வருந்தினார். அதே ஆண்டு அந்த நிறுவனமும் அவற்றைக் கைவிட்டது. மனிதரால் கடைப்பிடிக்க முடியாத விதி பாதுகாப்பு ஆகாது என்பதே என் கருத்தும்.

நீங்கள் இப்படிச் செய்து பாருங்கள். அகராதியைக் கண்ணை மூடிக்கொண்டு புரட்டி, விரல் படும் சொல்லை எழுதுங்கள். மங்கு, நிலா, துடைப்பம், ரயில், இஞ்சி என்று ஐந்து சொற்கள் வரட்டும். அவற்றை ஆங்கில எழுத்தில் சேர்த்துத் தட்டுங்கள். சொற்களை நீங்களே யோசித்து எடுக்காதீர்கள். மனம் பழகிய சொற்களுக்கே போகும். 7,776 சொற்களிலிருந்து இப்படி ஐந்தை எடுத்தால், எல்லாச் சேர்க்கைகளையும் முயல அந்தக் கணினிக்கு 900 ஆண்டு வேண்டும். ஒவ்வொரு கணக்குக்கும் வேறு ஐந்து சொற்கள்.

தோட்டத்திலிருந்து தாமான் வீட்டுக்கு வந்த பாட்டியால் இத்தனையையும் நினைவில் வைக்க முடியாதே? ஒரு நோட்டில் எழுதி அலமாரியில் வைக்கச் சொல்லுங்கள். தூர தேசத்துத் திருடனால் அந்த நோட்டைத் திறக்க முடியாது. கைப்பேசி உறைக்குள் மட்டும் செருக வேண்டாம். இரண்டும் ஒன்றாகத் தொலையும்.

ஆனால் போலி இணையப் பக்கத்தில் தட்டிவிட்டால் எவ்வளவு நீளமான கடவுச்சொல்லும் காப்பாற்றாது. குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறை எண்ணையும் ஏமாற்றுக்காரர்கள் பறித்ததால், 2022இல் பேங்க் நெகாரா அதைக் கைவிட்டுப் பாதுகாப்பான முறைக்கு மாறும்படி வங்கிகளைக் கேட்டுக்கொண்டது. வீட்டில் யாராவது ஏமாந்துவிட்டால், திட்டுவதற்கு முன் வங்கியையோ மோசடிப் புகாருக்கான 997 எண்ணையோ அழையுங்கள். பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவிப் போவதற்குள் தடுக்க வாய்ப்பு உண்டு.