நாய், பூனைகளின் பற்களைப் பேணுதல்

காவலுக்கு நாயையும், எலித் தொல்லையைப் போக்கப் பூனையையும் வளர்ப்பது தோட்டத்து மக்களின் நெடுநாளைய வழக்கம். அவற்றுக்குச் சோறிடுகிறோம், உண்ணி பிடுங்குகிறோம். ஆனால், அவற்றின் வாயைத் திறந்து பார்ப்போர் நம்மில் மிகச் சிலரே. "நாய் வாய் நாறத்தான் செய்யும்" என்று விட்டுவிடுகிறோம். இது சரியன்று. நலமுள்ள நாயின் வாயில் கடுமையான நாற்றம் வீசாது. வீசினால், பெரும்பாலும் அது ஈறு நோயின் அறிகுறியாகும்.

வளர்ந்த நாய்க்கு 42 பற்களும் பூனைக்கு 30 பற்களும் உள்ளன. நமக்கு வருவது போன்ற சொத்தைப் பல் நாய்க்கு வருவது குறைவு. அதன் பற்களைப் பெரிதும் கெடுப்பது ஈறு நோயே. பற்களின்மீது கிருமிகள் நிறைந்த மெல்லிய படலம் நாள்தோறும் படிகிறது. மங்கில் ஒட்டிய பாலை ஈரத்தோடு துடைத்தால் எளிதில் போய்விடும். காயவிட்டால் உரித்தெடுக்க வேண்டும் அன்றோ? இப்படலமும் அத்தகையதே. புதிதாயிருக்கையில் துணியால் துடைத்தாலே நீங்கும். சில நாள் விட்டுவிட்டால், எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து பழுப்பு நிறக் காரையாக இறுகிவிடும். பின்னர் ஈறு சிவந்து வீங்கும். பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்து பல் ஆடும்.

இப்பிராணிகள் வலியை எளிதில் வெளிக்காட்டுவதில்லை என்பதே இதிலுள்ள தொல்லை. ஒரு பக்கமாகவே மெல்லுதல், வாயிலிட்ட சோற்றைக் கீழே போடுதல், முகத்தைத் தொட்டால் உறுமுதல், பூனையாயின் உடம்பை நக்கித் தூய்மை செய்யாதிருத்தல் ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். கண்ணுக்குக் கீழே வீங்கியிருந்தால் குளவி கொட்டியதென்று எண்ணி மஞ்சள் பூசுகிறோம். மேற்கடைவாய்ப் பல்லின் வேரில் சீழ் பிடித்தாலும் அவ்விடமே வீங்கும். "கிழடு தட்டிவிட்டது, தின்னமாட்டேன் என்கிறது" என்று கைவிடப்படும் நாய்களுள், பல்வலியால் பட்டினி கிடப்பனவும் உண்டு.

வலிக்கிறதே என்று இரங்கிப் பனடோல் கொடுப்போரும் உளர். ஒருபோதும் கொடுக்கலாகாது. அம்மருந்தை முறித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. அரை மாத்திரையே அதன் உயிரைப் போக்கக்கூடும்.

மற்றோர் எச்சரிக்கை. வாயை மூட இயலாமல் எச்சில் ஒழுக நிற்கும் நாயைக் கண்டால், தொண்டையில் எலும்பு சிக்கியதென்று எண்ணிக் கையை உள்ளே விடாதீர்கள். அது வெறிநோயாகவும் இருக்கலாம். 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் அந்நோய் தலைகாட்டியது. 2017-இல் சரவாக்கில் பரவத் தொடங்கிப் பலரின் உயிரைக் குடித்தது. கடிபட்டாலோ, காயத்தில் எச்சில் பட்டாலோ அவ்விடத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இனி, பேணும் முறையைக் காண்போம். குட்டியாய் இருக்கும்போதே பழக்குவது எளிது. ஈரத் துணியை விரலில் சுற்றி, உதட்டைச் சற்றே தூக்கிப் பற்களின் வெளிப்புறத்தை ஈறோரமாக நாள்தோறும் துடையுங்கள். வெறும் நீரே போதும். நாம் பயன்படுத்தும் பற்பசை வேண்டா; பிராணிகளுக்குக் கொப்பளிக்கத் தெரியாது, விழுங்கிவிடும். சில பற்பசைகளில் இனிப்புக்காகச் சேர்க்கும் சைலிட்டால் நாய்க்குக் கொடிய நஞ்சு. கரித்தூளும் உப்பும் வேண்டா.

எலும்பு கடித்தால் பல் உறுதிப்படும் என்பது தவறான எண்ணம். வெந்த கோழி எலும்பு சிலும்பாக உடைந்து குடலைக் குத்தும். ஆட்டுத் தொடை எலும்பு நாயின் கடைவாய்ப் பல்லையே பிளந்துவிடும். கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் தடம் பதியாத பொருள் எதுவும் நாயின் பல்லுக்கு ஆகாது. (வெங்காயம் சேர்ந்த கறிக்குழம்பும் நாய், பூனை இரண்டுக்கும் கேடு.)

இறுகிய காரையைக் கத்திமுனையால் சுரண்ட முயலாதீர்கள். ஈறுக்கு அடியிலுள்ள காரையே பெருங்கேடு செய்வது. மயக்க மருந்து கொடுத்து, கால்நடை மருத்துவரே அதனை நீக்க வேண்டும். செலவாகும் என்பது உண்மைதான். முன்னதாகவே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். வெறிநோய்த் தடுப்பூசிக்குக் கொண்டுசெல்லும்போதே வாயையும் பார்க்கச் சொன்னால், அதற்கெனத் தனியாக ஒருமுறை அலைய வேண்டியதில்லை.