தெருவே மேடை: நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் கலைஞர்களும் நாமும்



ஜாஸ் என்றதும் நட்சத்திர விடுதியும் மங்கிய விளக்கும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. பணக்காரர்களின் இசை என்று நாமே அதை ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் அது பிறந்த அமெரிக்க நகரமான நியூ ஆர்லியன்ஸில், ஞாயிறு பிற்பகல்களில் இன்றும் அது தெருவில் நடந்து போகிறது. வாசிப்பவர்களில் பெரும்பாலோர் கறுப்பின உழைக்கும் மக்கள். நினைவைப் போற்றும் இந்த மேடையில் அந்தத் தெருவைப் பற்றிப் பேசுவது பொருத்தமென்று கருதுகிறோம்.

பிரெஞ்சு ஆட்சியில் 1724இல் வந்த அடிமைச் சட்டம், ஞாயிறன்று அடிமைகளிடம் வேலை வாங்கக் கூடாது என்றது. கிடைத்த அந்த ஒருநாளில் அவர்கள் சந்தை கூட்டினார்கள், முரசறைந்து ஆடினார்கள். 1817இல் நகராட்சி அந்தக் கூட்டங்களை ஒரே இடத்துக்குள் அடக்கியது. அதுவே காங்கோ சதுக்கம். அடக்குவதற்காகக் குறித்த இடத்தில்தான் ஆப்பிரிக்கத் தாளம் உயிரோடு காக்கப்பட்டது.

அடிமைமுறை ஒழிந்த பின்பும் ஒதுக்கல் ஒழியவில்லை. இந்த ஊரின் செருப்புத் தொழிலாளி ஹோமர் பிளெஸ்ஸி, வெள்ளையருக்கான ரயில் பெட்டியில் உட்கார்ந்து கைதானார். அவர் வழக்கில்தான் 1896இல் உச்ச நீதிமன்றம் நிறப் பிரிவினையைச் சட்டப்படி செல்லும் என்றது. அந்தக் காலத்தில் கறுப்பின மக்கள் தங்களுக்குள் உதவிச் சங்கங்கள் அமைத்துக்கொண்டார்கள். உறுப்பினர்கள் சிறுதொகை சந்தா கட்டுவார்கள். நோய் வந்தால் மருத்துவச் செலவு. இறந்தால் அடக்கச் செலவு. பல சங்கங்கள் அந்த அடக்கத்துக்குப் பித்தளை வாத்தியக் குழுவையும் அமர்த்தின.

கல்லறை வரை குழு மெதுவாக, துக்கமாக வாசிக்கும். உடலுக்கு விடைகொடுத்ததும் தாளம் மாறும், துள்ளல் தொடங்கும். குடும்பமும் சங்கமும் குழுவும் முதல் வரிசை. பின்னால் ஆடிக்கொண்டு வரும் ஊர்மக்கள் இரண்டாம் வரிசை. இதில் பார்வையாளர் என்று தனியாக யாரும் இல்லை. சங்கங்களின் ஆண்டு ஊர்வலங்களும் அந்தப் பெயராலேயே அழைக்கப்படுகின்றன.

இந்த இசையின் முன்னோடி என்று சொல்லப்படும் பட்டி போல்டன் 1907இல் மனநல விடுதியில் சேர்க்கப்பட்டு, 1931இல் அங்கேயே இறந்தார். அவர் வாசித்த ஓர் ஒலிப்பதிவும் நமக்குக் கிடைக்கவில்லை. 1917இல் முதல் ஜாஸ் இசைத்தட்டை வெளியிட்டவர்களோ இதே ஊரின் வெள்ளையர் குழுவினர். உருவாக்கியவர் ஒருவர், பெயர் வாங்கியவர் வேறொருவர் என்ற கதை நமக்குப் புதிதல்ல. இங்கே பிறந்த லூயி ஆம்ஸ்ட்ராங் உலகப் புகழ் பெற்றார். ஆனால் இரு நிறத்தவரும் சேர்ந்து மேடையேறக் கூடாது என்று 1956இல் லூசியானா மாநிலம் சட்டம் போட்டபோது, சொந்த ஊரில் வாசிக்க மறுத்தார். 1965இல்தான் திரும்பி வந்து வாசித்தார்.

அடுத்த அடி நெடுஞ்சாலையாக வந்தது. ட்ரெமே பகுதி மக்கள் கூடிய கிளெய்போர்ன் சாலையின் ஓக் மரங்களை 1966இல் வெட்டி, மேம்பாலம் கட்டினார்கள். மக்கள் அந்தப் பாலத்தின் அடியிலேயே வாசித்தார்கள். 2005இல் கத்ரீனா புயலில் நகரத்தின் எண்பது விழுக்காடு மூழ்கியது. கலைஞர்கள் பல ஊர்களுக்குச் சிதறினார்கள். திரும்பி வந்தவர்களை வாடகை உயர்வு வரவேற்றது. ஊர்வலத்துக்கான காவல் கட்டணம் பல மடங்கு உயர்ந்தது. சங்கங்கள் வழக்குத் தொடுத்துத்தான் அதைக் குறைத்தன. 2007 அக்டோபரில், டியூபா கலைஞர் கெர்வின் ஜேம்ஸின் மறைவுக்காக ட்ரெமே தெருவில் வாசித்துச் சென்ற கலைஞர்களில் இருவரைக் காவல்துறை கைதுசெய்தது. அனுமதியில்லாத ஊர்வலம், அமைதிக்குப் பங்கம் என்பவை குற்றச்சாட்டுகள். சுற்றுலா விளம்பரத்துக்கு இந்த இசை வேண்டும். அதை வாசிப்பவர்கள் தங்கள் தெருவில் துக்கம் கொண்டாட அனுமதிச்சீட்டு வேண்டும்.

இங்கே நாம் ஒரு வேறுபாட்டை மறக்கக் கூடாது. சாவு வீட்டுப் பறையும் சாவு ஊர்வல ஜாஸும் ஒன்றென்று சொல்லிவிட முடியாது. அவர்கள் தங்கள் சங்கத்தின் சார்பில், தங்கள் மனிதருக்காக வாசித்தார்கள். நம் முன்னோர்மீதோ, ஊராரின் சாவுக்குப் பறையடிப்பது சாதிக் கடமையாகச் சுமத்தப்பட்டது. அதனால் அடிக்க மறுத்ததும் போராட்டம். பின்னர் அதே பறையை விடுதலைக் கருவியாக நம் மேடையில் எடுத்ததும் போராட்டம். ஒரு கருவி இழிவா பெருமையா என்பதை அதன் தோலும் பித்தளையும் தீர்மானிப்பதில்லை. யாருடைய கட்டளையில், யாருக்காக வாசிக்கிறோம் என்பதே தீர்மானிக்கிறது.

ஆகவே மாணவத் தோழர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்க் கலைஞர்களின் பெயரை எழுதிவையுங்கள், வாசிப்பைப் பதிவுசெய்யுங்கள், கூலி எவ்வளவு, நோய் வந்தால் யார் பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். நியூ ஆர்லியன்ஸ் இசையைத் தாங்கி நின்றது திறமை மட்டுமல்ல, சந்தா கட்டிய சங்கமும்தான். போல்டனின் வாசிப்பை இனி யாராலும் கேட்க முடியாது. நம் ஊர்ப் போல்டன்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.