கம்பளத்தைப் புரட்டிப் பாருங்கள்

ஆப்கான் கம்பளம் வாங்கப் போகிறவர்களில் பலர், கடைக்காரர் விரித்துக் காட்டும் பக்கத்திலேயே மயங்கி விலை பேசத் தொடங்கிவிடுகிறார்கள். முதல் வேலையாக ஒரு மூலையைப் பிடித்துப் புரட்டுங்கள். கையால் முடிச்சிட்டதென்றால் மேலே உள்ள கோலம் பின்பக்கத்திலும் நிறம் குறையாமல் தெரியும். முடிச்சுகள் கடுகு தூவியது போல வரிசை கட்டி நிற்கும். ஒன்று சற்றே பருத்திருக்கும், ஒரு வரிசை லேசாக வளைந்திருக்கும். இயந்திரத்துக்கு அந்த வளைவு வராது.

பின்பக்கம் துணி ஒட்டி மூடியிருந்தால் நிதானியுங்கள். அடித்துணியில் கருவியால் நூலைக் குத்திச் செருகி, பசை பூசி, மேலே இன்னொரு துணி ஒட்டுகிற முறை அது. அதையும் ‘கைவேலை’ என்றே விற்பார்கள். முடிச்சு என்று அதில் ஒன்றுகூட இருக்காது. பசை காய்ந்து பொடியாக உதிரத் தொடங்கினால் கம்பளத்தின் ஆயுள் அவ்வளவுதான். ஓரத்துக் குஞ்சத்தையும் பாருங்கள். பாவு நூலின் மிச்சமே குஞ்சம். தனியாகத் தைத்திருந்தால் காரணம் கேளுங்கள். பழைய கம்பளத்தைப் பழுதுபார்த்ததாகவும் இருக்கலாம்.

வடக்கே அந்த்கோய், அக்சா ஊர்களின் துர்க்மென் பெண்கள் நெய்பவையே உலகம் அறிந்த சிவப்புக் கம்பளங்கள். அவற்றில் வரிசையாக வரும் எண்கோண வடிவத்துக்கு ‘குல்’ என்று பெயர். பெரிய குல்லை யானைப்பாதம் என்கிறது வியாபார உலகம். இந்த வகையைப் ‘புகாரா’ என்று சொல்லி விற்பதும் உண்டு. புகாரா இவை விற்பனைக்குப் போய்ச்சேர்ந்த சந்தை. மேற்கே ஹெராத் பக்கத்து பலூச் கம்பளங்கள் அளவில் சிறியவை; கருநீலமும் ஒட்டகப் பழுப்புமாக இருக்கும். முடிச்சு நெருக்கத்தை மட்டும் எண்ணுபவர்கள் இவற்றைத் தள்ளிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கம்பளியின் பளபளப்பும் சாயத்தின் ஆழமும் முடிச்சுக் கணக்கைவிடப் பெரியவை.

மஞ்சிட்டி இனத்துச் செடியின் வேர், மாதுளம்பழத் தோல், வால்நட் காயின் மேல்தோல், அவுரி: பழைய சாயங்கள் இவை. ஒரே சிவப்பு இடையில் சற்று வெளிறி, பிறகு மீண்டும் அடர்ந்தால் பயப்பட வேண்டாம். வேறொரு முறை சாயமிட்ட நூல் அது, ‘அப்ராஷ்’ என்பார்கள். நனைத்த வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். துணி சிவந்தால் வாங்காதீர்கள்.

விலை பேசும்முன் ஒரு கணக்கு. சதுர அங்குலத்துக்கு 100 முடிச்சு வைத்தால், ஐந்துக்கு எட்டு அடிக் கம்பளத்தில் 5,76,000 முடிச்சுகள். ஒருத்தி நாளுக்கு 6,000 முடிச்சு போட்டாலும் 96 நாள் ஆகும். அதன்பின்தான் மேல் இழையைச் சமமாக வெட்டுவதும் கழுவுவதும்.

1979இல் ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை நுழைந்தபின் நெசவாளர்கள் பெருங்கூட்டமாகப் பாகிஸ்தானுக்கு அகதிகளாகப் போனார்கள். தறியும் பெஷாவர் போனது. டாங்கியும் ஹெலிகாப்டரும் கோலங்களில் நுழைந்ததும் அந்தப் போரில்தான். ஆப்கானிஸ்தானில் நெய்து பாகிஸ்தானில் வெட்டிக் கழுவி, அந்நாட்டுச் சரக்காக ஏற்றுமதியானவையும் நிறைய. அதனால் கம்பளத்தில் நாட்டின் பெயர் போட்ட சீட்டை மட்டும் நம்பாமல், எந்த ஊர்த் தறி என்று கேளுங்கள்.

நெய்தவளுக்கு என்ன கிடைத்தது என்றும் கேளுங்கள். 2021 முதல் ஆப்கானிஸ்தானில் ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லை. படிப்பு நின்றுபோன எத்தனையோ பிள்ளைகள் இப்போது வீட்டுத் தறியில் உட்கார்ந்திருக்கிறார்கள்.