விட்ட மீன் பிழைக்க எந்த முள்?

அமெரிக்காவின் ப்ளோரிடா மாநிலத்தில் 2013 முதல், போன்ஃபிஷ் என்ற மீனைப் பிடித்தால் கடலிலேயே திருப்பி விட்டாக வேண்டும். முழங்காலளவுத் தண்ணீரில் இரை தேடும் இந்த மீனை ஃப்ளை ஃபிஷிங் முறையில் பிடிக்கிறார்கள். தூண்டில் முள்ளின் மேல் இறகும் மயிரும் நூலும் சுற்றி, இறால் போலவோ நண்டு போலவோ பொய்யிரை கட்டுவார்கள். எடை இரையில் இல்லை, கயிற்றில் இருக்கிறது. அதன் வீச்சுதான் இரையைத் தொலைவுக்குக் கொண்டுபோகிறது. விடுவதற்காகவே பிடிக்கும்போது, விட்ட மீன் பிழைக்கிறதா என்பதே முதல் கேள்வி. பஹாமாஸின் எலூதரா தீவில் போன்ஃபிஷ் பற்றி நடந்து 2007இல் வெளியான ஆய்வு இதற்கு வழி காட்டுகிறது. விட்டபின் நிமிர்ந்து நீந்த முடியாமல் சாய்ந்த மீன்கள் வேட்டை மீன்களுக்கு இரையாகும் ஆபத்து 6 மடங்குக்கும் அதிகமாக இருந்தது. மீனைக் காற்றில் வைத்திருக்கும் நேரம் கூடக்கூட அப்படிச் சாய்வதும் கூடியது. ஆகவே சீக்கிரம் கழலும் முள்ளே மீனுக்கு நல்ல முள்.

அப்படிப் பார்த்தால் முதலில் விலக்க வேண்டியது எதிர்முள். நுனிக்குச் சற்றுக் கீழே பின்னோக்கி நிற்கும் அந்தச் சிறு கூர், தைத்த முள் நழுவாமல் தடுக்கிறது. கழற்றும்போதும் விடாமல் தசையைக் கிழிக்கிறது. அது இல்லாத முள்ளை, மீனைத் தண்ணீரை விட்டு எடுக்காமலே பெரும்பாலும் கழற்றிவிடலாம். காற்றில் வீச்சு திசைமாறி, முள் பிடிப்பவர் தோளிலேயே தைத்தாலும் எளிதாக வரும். மீன் தப்பிவிடுமே என்பார்கள். கயிறு தொய்ந்தால் தப்பும்தான். துள்ளிக் குதிக்கும் டார்பன் மீன் என்றால் இன்னும் அதிகம். ஆனால் கயிற்றைத் தொய்யவிடாமல் வைத்திருப்பது பிடிப்பவரின் கைத்திறன். அதில் உள்ள குறைக்கு மீனின் தாடை கிழியக் கூடாது. மேலும், எதிர்முள் இல்லாத முள் குறைந்த விசையிலேயே ஆழத் தைக்கும்.

நுனி உள்நோக்கி வளைந்த வட்டமுள்ளே போதாதா என்றும் கேட்கலாம். உண்மையான இரை போடுவோருக்கு அது சிறந்தது. மீன் விழுங்கினாலும் முள் தொண்டையில் தைக்காமல் வாயோரத்துக்கு வந்து தைக்கும். ஆனால் பொய்யிரையை மீன் விழுங்கும் வரை யாரும் காத்திருப்பதில்லை, கடித்ததுமே கயிற்றை வெடுக்கென்று இழுக்கிறார்கள். அந்த இழுப்பில் வட்டமுள் தைக்காமல் வெளியே வந்துவிடலாம். உலோகத்தைப் பொறுத்தவரை, துருப்பிடிக்காத எஃகு வேண்டாம். கயிறு அறுந்தால் அது மீனின் வாயில் நெடுநாள் கிடக்கும். கார்பன் எஃகு உப்புநீரில் அரிக்கும் என்றாலும் அதற்கும் நாளாகும். அதை மட்டும் நம்பி எதிர்முள்ளை வைத்துக்கொள்ளக் கூடாது. கடையில் எதிர்முள் இல்லாத முள் கிடைக்காவிட்டால், இரையைக் கட்டும் முன்பே எதிர்முள்ளைக் குறட்டால் அழுத்திப் படியவைத்துவிடுங்கள்.