சென்னை – ஜித்தா: எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்?

உம்ராவுக்கு டிக்கெட் எடுத்த வீடுகளில் முதலில் எழும் கேள்வி, "எத்தனை மணி நேரப் பயணம்?" என்பதுதான். டிக்கெட்டில் உள்ள இரண்டு நேரங்களையும் அப்படியே கழித்துப் பார்த்தால் தப்பான விடை வரும். புறப்படுவது இந்திய நேரம், இறங்குவது சவூதி நேரம். சவூதி நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. காலை 10 மணிக்குக் கிளம்பி பகல் 1.30க்கு இறங்குவதாகப் போட்டிருந்தால், அது ஆறு மணி நேரப் பயணம்.

ஜித்தா மன்னர் அப்துல் அஸீஸ் விமான நிலையம் சென்னையிலிருந்து நேர்தூரத்தில் ஏறத்தாழ 4,440 கிலோமீட்டர். மணிக்கு 850 கி.மீ. வேகம் என்று வகுத்தால் ஐந்தேகால் மணி நேரம்தான். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலேறுவது, இறங்குவது, வான்தடத்தின் வளைவுகள் எல்லாம் சேர்ந்து அதை ஆறு மணி நேரத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிடும். குளிர்காலத்தில் மேற்கிலிருந்து வீசும் உயரக் காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் திரும்பும் பயணம் சற்றுக் குறையும்.

ஆனால் உம்ராவுக்குப் போகிறவர் குறித்துக்கொள்ள வேண்டியது இறங்கும் நேரத்தை அல்ல, மீக்காத்தைக் கடக்கும் நேரத்தை. கப்பலில் போன நம் முன்னோர் யலம்லமுக்கு நேராக வரும்போது இஹ்ராம் கட்டினார்கள். கிழக்கிலிருந்து வரும் விமானங்களோ பெரும்பாலும் தாயிஃபை அடுத்த கர்னுல் மனாஸில் பக்கமாக ஜித்தாவை நெருங்குகின்றன. அங்கிருந்து ஜித்தா விமான நிலையம் சுமார் 130 கி.மீ. அதாவது, சக்கரம் தரையைத் தொடுவதற்கு ஏறக்குறைய அரை மணி நேரத்துக்கு முன்பே மீக்காத் வந்து போய்விடும். தூங்கிக்கொண்டிருந்தாலும் விமானம் காத்திருக்காது. "ஜித்தாவில் இறங்கி நிய்யத் வைத்துக்கொள்ளலாம்" என்று சிலர் சொல்வதைப் பெரும்பாலான உலமாக்கள் ஏற்பதில்லை. நிய்யத் இல்லாமல் மீக்காத்தைக் கடந்தவர் அங்கே திரும்பிப் போய் இஹ்ராம் கட்ட வேண்டும், இல்லையென்றால் தம் கொடுக்க வேண்டும்.

இஹ்ராம் துணியைப் பெரிய பெட்டியில் வைத்து லக்கேஜில் போட்டுவிட்டு நடுவானில் தவிப்பவர்கள் உண்டு. அது கைப்பையில்தான் இருக்க வேண்டும். இன்னும் நல்லது, சென்னையிலேயே குளித்து உடுத்திக்கொண்டு ஏறுவது. நிய்யத்தை மட்டும் மீக்காத் அறிவிப்பு வரும்போது வைக்கலாம். அறிவிப்பை மட்டும் நம்பியிருக்காமல், இறங்க ஒரு மணி நேரம் இருக்கும்போதே விழித்திருங்கள். துபாய், மஸ்கட், கொழும்பு வழியாக மாறிப் போகிறவர்களுக்கு மொத்த நேரம் பத்து மணியைத் தாண்டலாம். அவர்கள் மாறும் நிலையத்திலேயே உடுத்திக்கொள்வது வசதி. முதலில் மதீனா போகிறவர்களுக்கு இந்த அவசரம் இல்லை. அங்கிருந்து மக்கா புறப்படும்போது துல்ஹுலைஃபாவில் இஹ்ராம் கட்டிக்கொள்வார்கள்.

ரமளானில் நோன்போடு பறப்பவர்களுக்கு ஒன்று. மேற்கே போகப் போகப் பகல் நீளும். சென்னையில் மஃரிப் ஆகிவிட்டது என்று கைக்கடிகாரம் சொன்னாலும், ஜன்னலில் சூரியன் தெரியும்வரை நோன்பு திறக்க முடியாது.