மொட்டைமாடி ஆண்டெனாவும் கொடைக்கானல் கோபுரமும்

“இப்பத் தெரியுதாடா?” என்று மாடியிலிருந்து ஒரு குரல். “புள்ளியாத்தான் வருதுண்ணே, இன்னும் கொஞ்சம் திருப்புங்க” என்று கீழேயிருந்து பதில். 80களிலும் 90களின் தொடக்கத்திலும் பிறந்த மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அண்ணன் ஆண்டெனாவைத் திருப்பியது கொடைக்கானலை நோக்கி.

அந்தத் தலைமுறையின் ஏக்கம் பெரும்பாலும் நிகழ்ச்சிகளைச் சுற்றியே வருகிறது. ஒளியும் ஒலியும், மகாபாரதம், இந்தி புரியாமலே பார்த்த சக்திமான். தேடினால் இவற்றில் பலவும் யூடியூபில் கிடைத்துவிடுகின்றன. கிடைக்காதது அந்தப் புள்ளிகள்தான். என்னைக் கேட்டால், நிகழ்ச்சிகளைவிட அவைதாம் சுவாரசியம்.

முதலில் மலை. தொலைக்காட்சி அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்பவை. பூமி உருண்டையாக இருப்பதால் ஒரு தூரத்துக்குப் பிறகு நிலம் கீழே சரிந்துவிடும், அலை மேலே போய்விடும். எவ்வளவு தூரம் எட்டும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. கோபுர உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் விடை வரும். சமவெளியில் நிற்கும் 150 மீட்டர் கோபுரத்துக்கு அது 50 கிலோமீட்டர். கடல்மட்டத்திலிருந்து 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலுக்கு, கோபுரத்தின் உயரத்தைச் சேர்க்காமலே, 190 கிலோமீட்டர் அளவுக்கு வருகிறது. பழனி மலைத்தொடர் ஓசியில் தந்த உயரம் அது. 80களில் அங்கே தூர்தர்ஷன் கோபுரம் எழுந்ததற்குக் காரணம் இதுவே. திருச்சியும் திருநெல்வேலியும் அந்த வட்டத்துக்குள் வந்துவிடும். ராமேசுவரமும் நாகர்கோவிலும் வெளியே நிற்கும். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அடிவாரத்தில் மலையை ஒட்டினாற்போல் இருக்கும் ஊருக்கு நடுவில் ஒரு பாறை முகடு வந்து மறைத்தால் போதும், நூறு கிலோமீட்டர் தள்ளி இருப்பவர் பார்க்கும் படம் இங்கே வராது.

கொடைக்கானல் வருமுன் தெற்குக் கடலோரத்தில் பலர் பார்த்தது இலங்கையின் ரூபவாகினி. அது 1982 பிப்ரவரியில் தொடங்கியது. அதன் ஒளிபரப்பி நின்ற பிதுருதலாகலை மலை 2,524 மீட்டர் உயரம். நம் கணக்குப்படி அதன் அலை 210 கிலோமீட்டருக்கு மேல் எட்டக்கூடாது. தூத்துக்குடியோ 350 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. ஆனாலும் சில நாட்களில் கடல் தாண்டிப் படம் வருவதுண்டு. கடலை ஒட்டி ஈரக்காற்றும் அதன்மேல் வறண்ட வெப்பக்காற்றும் படிந்திருக்கும்போது அலை மேலே தப்பாமல் கீழே வளைந்து, பூமியின் வளைவைத் தொடர்ந்தே ஓடும். இன்று தெளிவாகத் தெரிந்து நாளை காணாமல் போவதற்கு இந்தக் காற்றடுக்குதான் காரணம். பழி என்னவோ ஆண்டெனாவில் உட்கார்ந்த காக்கைக்குத்தான்.

மீன்முள் போன்ற அந்த ஆண்டெனா ஜப்பானியக் கண்டுபிடிப்பு. 1926இல் உடா, யாகி என்ற இரு பொறியாளர்கள் அதை அறிவித்தார்கள். வயர் இணைந்த குச்சியின் நீளம் அலைநீளத்தில் ஏறத்தாழப் பாதி. பின்னால் உள்ள நீளமான குச்சி அலையை முன்னுக்குத் திருப்பும், முன்னால் உள்ள குட்டைக் குச்சிகள் ஒரே திசையிலிருந்து வருவதைக் குவிக்கும். கையால் பிடித்தால் படம் தெளிந்து, விட்டால் போய்விடுவதும் பொய்யல்ல. மனித உடல் மின்சாரம் கடத்தும். நாமும் ஒரு குச்சியாகச் சேர்ந்துகொள்கிறோம்.

“ரெட்டையாத் தெரியுது” என்பது இன்னொரு புகார். கதாநாயகனுக்கு வலப்பக்கம் மங்கலாக இன்னொரு கதாநாயகன் நிற்பார். நேராக வந்த அலையோடு, மலையிலோ கட்டடத்திலோ பட்டுத் திரும்பிய அலையும் சற்றுத் தாமதமாக வந்து சேர்ந்ததன் விளைவு அது. இந்தியாவில் படம் 625 கோடுகளாக வரையப்பட்டது. திரையில் ஒரு கோட்டை இடமிருந்து வலமாக வரைய 52 மைக்ரோ விநாடி. ஒரு மைக்ரோ விநாடியில் அலை 300 மீட்டர் ஓடிவிடும். திரை 42 சென்டிமீட்டர் அகலம் என்றால், நிழலுருவம் 3 சென்டிமீட்டர் தள்ளித் தெரியும்போது அந்த இரண்டாவது அலை சுமார் 1,100 மீட்டர் கூடுதலாகச் சுற்றி வந்திருக்கிறது என்று பொருள். ஒரு அடிக்குச்சியும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் எந்தப் பாறை படத்தைக் கெடுக்கிறது என்றே ஊகித்திருக்கலாம். யார் அளந்தார்கள்? திட்டத்தான் நேரம் இருந்தது.

இனி புள்ளிகள். சிக்னல் வலுவிழந்தால் செட் தன் பெருக்கத்தைக் கூட்டிக்கொள்ளும். அப்போது அலையோடு சேர்ந்து சுற்றியுள்ள இரைச்சலெல்லாம் பெரிதாகும். அம்மா மிக்சி போட்டால் திரையில் கோடு கோடாய் ஓடியதும், வாசலில் ஸ்கூட்டர் கிளம்பினால் பொறி பறந்ததும் மின்பொறி கிளப்பிய அலைகளால். அவை ஓய்ந்த பிறகும் மிச்சம் இருந்ததில் ஒரு பகுதி செட்டுக்குள்ளேயே பிறந்த இரைச்சல். மற்றொரு பகுதி வானத்திலிருந்து வந்தது. பால்வெளி மண்டலம் வானொலி அலைகளைக் கசியவிடுகிறது என்பதைக் கார்ல் ஜான்ஸ்கி 1930களிலேயே கண்டறிந்திருந்தார். இவற்றோடு மிக மிகச் சிறிய பங்காக இன்னொன்றும் கலந்திருந்தது. பெருவெடிப்புக்குச் சுமார் 3,80,000 ஆண்டுகள் கழித்துப் புறப்பட்டு, இன்று 2.7 கெல்வின் வெப்பநிலைக்குத் தணிந்துபோன ஆதி ஒளி. அதை 1964இல் கேட்ட பென்சியாசும் வில்சனும் தங்கள் ஆண்டெனாவில் புறா எச்சம் படிந்ததுதான் கோளாறோ என்று துடைத்துப் பார்த்தார்கள். இரைச்சல் போகவில்லை. 1978இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. “தடங்கலுக்கு வருந்துகிறோம்” என்ற அறிவிப்பை நாம் கோபமாகப் பார்த்திருந்தோம். செட்டுக்கு வந்துகொண்டிருந்ததோ அண்டத்தின் ஆகப் பழைய ஒளி.

கேபிளும் டி.டி.எச்.சும் வந்து இதெல்லாம் முடிந்தது. டிஜிட்டலில் படம் எண்களாக வருகிறது. பிழை கொஞ்சம் இருந்தால் செட்டே திருத்திக்கொள்ளும், படம் பளிச்சென்று இருக்கும். அளவு மீறினால் சதுரம் சதுரமாக உறைந்து, அடுத்த நொடி ஒன்றுமில்லை. பாதி தெரிவது என்ற நிலையே கிடையாது. அனலாக்கில் பாதி தெரியும், மீதியைக் கண்ணும் ஆசையும் நிரப்பிக்கொள்ளும். அதோடு, மீட்டர் கணக்கில் நீளமான அந்தப் பழைய அலை மழையைச் சட்டை செய்ததில்லை. டி.டி.எச். அலையின் நீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர். மழைத்துளிகள் அதை விழுங்கிவிடும். வசதி கூடியது உண்மை. ஆனால் கனமழையில் படம் பார்ப்பதில் பழைய முறைதான் மேல்.

2022 மார்ச்சுக்குள் தூர்தர்ஷன் நாடு முழுக்கத் தன் பழைய அனலாக் ஒளிபரப்பிகளில் பெரும்பாலானவற்றை நிறுத்திவிட்டது. கொடைக்கானல் உயரத்தின் பலனை வானொலியில் இன்றும் கேட்கலாம்: 100.5இல் கோடைப் பண்பலை.

வீட்டுப் பரணில் பழைய படக்குழாய் டிவி கிடந்தால் ஒரு முறை இறக்கிப் பாருங்கள். மாடியில் மிஞ்சியிருக்கும் ஆண்டெனா வயரைச் செருகி, ஏதாவது ஒரு வெற்றுச் சானலில் வைத்து, பிள்ளைகளுக்கு அந்தப் புள்ளிகளைக் காட்டுங்கள். பின்மூடியை மட்டும் கழற்றாதீர்கள். அணைத்த பிறகும் படக்குழாயில் ஆயிரக்கணக்கான வோல்ட் மின்னழுத்தம் தங்கியிருக்கும்.